ஜிபிஎஸ் இருக்கும்போது திசைகாட்டி எதற்கு? புதிதாக மலையேறுபவர்கள் எந்த காம்பஸை வாங்கலாம்?

டெல்லி விமான நிலையத்தில் தரையிறங்க வந்த சில விமானங்களின் ஜிபிஎஸ் கருவிகள், 2025 நவம்பரில் விமானம் இல்லாத இடத்தை 'இதுதான் நீ இருக்கும் இடம்' என்று காட்டின. அடுத்த மாதம் நாடாளுமன்றத்தில் மத்திய அரசே இதை ஒப்புக்கொண்டது. டெல்லி மட்டுமல்ல, கொல்கத்தா, அமிர்தசரஸ், மும்பை, ஹைதராபாத், பெங்களூரு, சென்னை விமான நிலையங்களில் இருந்தும் ஜிபிஎஸ் குறுக்கீடு பற்றிய புகார்கள் வருவதாக அரசின் பதிலில் இருந்தது. அதற்கு முன்பே, 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை எல்லைப் பகுதிகளில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்முவைச் சுற்றி, இப்படி 465 சம்பவங்கள் பதிவானதாக மக்களவையில் தெரிவிக்கப்பட்டிருந்தது.

டெல்லியில் விபத்து எதுவும் நடக்கவில்லை. ஜிபிஎஸ் இல்லாவிட்டாலும் விமானத்தை இறக்குவதற்கு மாற்று நடைமுறைகள் இருந்தன. தரையில் உள்ள பழைய வகை வழிகாட்டும் கருவிகள் வேலை செய்த மற்ற ஓடுதள முனைகளில் பாதிப்பே இல்லை என்றது அரசு.

இந்தச் செய்தி வந்ததிலிருந்து ட்ரெக்கிங் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி சுற்றுகிறது. 'விமானத்துக்கே இந்த நிலைமைன்னா, காட்டுக்குள்ள ஃபோனை மட்டும் நம்பிப் போற நம்ம நிலைமை என்ன? ஒரு காம்பஸ் வாங்கிடலாமா? வாங்கினா எதை?'

நியாயமான கேள்விதான். ஆனால் காரணம் சற்று இடிக்கிறது.

மலைக்கு யாரும் ஜாமர் கொண்டு வருவதில்லை

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் நம் கைக்கு வந்து சேரும்போது மிகவும் பலவீனமாக இருக்கும். அதே அலைவரிசையில் தரையிலிருந்து ஒருவர் உரக்கக் கத்தினால் சிக்னல் அமுங்கிப்போகும். இது ஜாமிங். அசல் சிக்னலைப் போலவே போலியாக ஒன்றை அனுப்பி, தவறான இடத்தைக் காட்ட வைப்பது ஸ்பூஃபிங். இரண்டும் போர் நடக்கும் இடங்கள், எல்லைகள், பெரிய விமான நிலையங்களின் சுற்றுவட்டாரம் போன்றவற்றின் பிரச்சினை. வால்பாறையில் நடக்கும் ஒருவருக்கு இதனால் ஆபத்து வரும் என்று பயமுறுத்துவது சரியாக இருக்காது.

மலையில் ஃபோன் கைவிடுவதற்கான காரணங்கள் ரொம்பச் சாதாரணமானவை. குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும். மழையில் தொடுதிரை சொன்ன பேச்சைக் கேட்காது. கீழே விழுந்தால் உடையும். அடர்ந்த சோலைக்காட்டிலும் ஆழமான பள்ளத்தாக்கிலும் இருப்பிடப் புள்ளி அங்குமிங்கும் தாவும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, வரைபடத்தை முன்கூட்டியே டவுன்லோட் செய்ய மறப்பது. ஜிபிஎஸ் வேலை செய்ய மொபைல் நெட்வொர்க் தேவையில்லை. ஆனால் அந்தப் புள்ளிக்குப் பின்னால் வரைபடம் தெரிய வேண்டுமே? டவர் இல்லாத இடத்தில் வெள்ளைத் திரையில் நீலப் புள்ளி மட்டும் மினுங்கிக்கொண்டிருக்கும். அதை வைத்து என்ன செய்வது?

இந்தியாவில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெளிநாட்டு மலையேற்றக்காரர்கள் பையில் செருகிக்கொண்டு வரும் சாட்டிலைட் மெசஞ்சர் கருவிகளையும் சாட்டிலைட் ஃபோன்களையும் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இங்கே வைத்திருப்பது சட்டப்படி குற்றம். விவரம் தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டினர் விமான நிலையங்களிலேயே பிடிபட்டிருக்கிறார்கள். அதனால் 'எது நடந்தாலும் ஒரு பட்டனை அழுத்தினால் ஹெலிகாப்டர் வரும்' என்ற பாதுகாப்பு இங்கே சாமானியர்களுக்கு இல்லை. காம்பஸுக்கு லைசென்ஸ் வேண்டாம், சார்ஜரும் வேண்டாம்.

2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்திர தால் பாதையில் கர்நாடகாவைச் சேர்ந்த குழு ஒன்று பனிப்புயலில் சிக்கி, 9 பேர் உயிரிழந்தனர். உள்ளூர் வழிகாட்டிகள் உடன் இருந்தும் மோசமான வானிலையில் வழி தெரியாமல் போனது. காம்பஸ் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்வது அபத்தம். அங்கே கொன்றது குளிரும் காற்றும். அந்தச் சம்பவம் காட்டுவது வேறொன்றை. வழி தெரிந்தவர் ஒருவர் கூட இருக்கிறார் என்பது எல்லா நேரத்திலும் போதாது. எதிரே பத்தடிகூடத் தெரியாத நிலையில், 'முகாம் எந்தப் பக்கம்?' என்பதற்குக் குழுவில் இன்னும் ஓரிருவருக்காவது பதில் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் நிலைமை கொஞ்சம் வேறு. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீ 20-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் தொடங்கிய அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியுடன்தான் போக முடியும். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். கையில் எவ்வளவு நல்ல காம்பஸ் இருந்தாலும் அது அனுமதிச் சீட்டு ஆகாது. அதனால் இங்கே காம்பஸ் பழகுவது தனியாகக் காட்டுக்குள் போவதற்காக அல்ல.

எந்த காம்பஸ்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். காம்பஸ் என்றதும் பலருக்கும் ஜியாமெட்ரி பாக்ஸில் வட்டம் போடும் கருவிதான் ஞாபகம் வரும். ஆன்லைனில் தேடினாலும் பாதி அதுதான் வரும். நமக்கு வேண்டியது திசைகாட்டி.

அதில் மூன்று வகைகள் கண்ணில் படும். சட்டைப் பொத்தான் அளவில், சாவிக்கொத்திலோ வாட்ச் பட்டையிலோ தொங்குவது ஒன்று. வடக்கு எந்தப் பக்கம் என்று ஏறத்தாழச் சொல்லும், அவ்வளவுதான். பொம்மை என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ராணுவப் பச்சையில் உலோக மூடியுடன் வரும் லென்சாட்டிக் வகை. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு 'மிலிட்டரி கிரேடு' என்ற பெயரில் குவிந்து கிடப்பது இதன் நகல்கள். பார்க்க கம்பீரமாக இருக்கும், கையில் கனமாகவும் இருக்கும். ஏமாறுவதும் இங்கேதான். ராணுவங்கள் பயன்படுத்தும் அசல் கருவி துல்லியமானது. தூரத்தில் உள்ள ஒரு குறியின் கோணத்தை அளப்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டும். என்சிசி-யில் இருந்தவர்கள் இதன் நெருங்கிய உறவினரான ப்ரிஸ்மாட்டிக் காம்பஸைப் பார்த்திருப்பார்கள். ஆனால் அதை வரைபடத்தில் வைத்து வேலை செய்ய தனியாக ஒரு ப்ரொட்ராக்டர் வேண்டும். மலிவு நகல்களிலோ அசலின் துல்லியமும் இருக்காது. ஊசி ஆடிக்கொண்டே இருக்கும், அல்லது ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும். புதிதாகக் கற்பவர் தொடவே வேண்டாதது இது.

மூன்றாவதுதான் வாங்க வேண்டியது: பேஸ்பிளேட் காம்பஸ். கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் ஒரு பிளாஸ்டிக் பட்டை, அதன் மேல் திருகக்கூடிய வட்டம், அதற்குள் திரவத்தில் மிதக்கும் ஊசி. திசைகாட்டி, அளவுகோல், ப்ரொட்ராக்டர் மூன்றும் ஒன்றாக இணைந்த கருவி. 1930-களில் ஸ்வீடனில் ஓரியண்டீரிங் விளையாட்டுக்காரர்கள் உருவாக்கிய வடிவம் இது. 1933-ல் அவர்கள் தொடங்கிய சில்வா நிறுவனம் இன்றும் இதைத் தயாரிக்கிறது. ஃபின்லாந்தின் சூன்டோ 1936-ல் வந்தது. இந்த இரண்டின் தொடக்க நிலை மாடல்களில் எதை எடுத்தாலும் ஒரு கற்றுக்குட்டிக்குத் தாராளம். பெயர் தெரியாத பிராண்டிலும் நல்லது கிடைக்கலாம், ஆனால் சோதித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

எதைப் பார்த்து வாங்குவது? பட்டை குறைந்தது 10 சென்டிமீட்டர் நீளமாவது இருக்கட்டும். குட்டையான பட்டையை வரைபடத்தில் இரண்டு இடங்களுக்கு நடுவே வைத்து நேர்கோடு பிடிப்பது கஷ்டம். வட்டத்தில் 0 முதல் 360 வரை டிகிரி இருக்க வேண்டும், இரண்டு டிகிரிக்கு ஒரு கோடு என்றால் போதும். சிலவற்றில் 6400 வரை எண்கள் இருக்கும். அது மில் என்ற ராணுவக் கணக்கு, வேண்டாம். பட்டையில் 1:50,000 அளவுகோல் இருந்தால் வசதி. வட்டத்தின் அடியில் இணைகோடுகள் தெளிவாகத் தெரிய வேண்டும், இவை இல்லாமல் வரைபடத்தோடு பொருத்த முடியாது. கண்ணாடி மூடி, சரிவை அளக்கும் கருவி, இருட்டில் ஒளிரும் எழுத்துகள் எல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. முதல் காம்பஸுக்குக் கண்ணாடி மாடலை வாங்கிவிட்டு, அதைத் திறந்து மூடவே சிரமப்படுபவர்கள் உண்டு.

கடையிலோ பார்சல் வந்தவுடனோ செய்ய வேண்டிய சோதனை எளிது. காம்பஸை மேசையில் அசையாமல் வைத்து (மர மேசையாக இருக்கட்டும், இரும்புக் கால் வேண்டாம்) ஊசி நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு எவர்சில்வர் அல்லாத இரும்புப் பொருளை, சாவியோ ஸ்க்ரூ டிரைவரோ, பக்கத்தில் கொண்டுபோய் ஊசியை அசைத்துவிட்டு விலக்குங்கள். ஊசி சில நொடிகளில் அடங்கி அதே எண்ணுக்குத் திரும்ப வேண்டும். நான்கைந்து முறை செய்து, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் திருப்பி அனுப்பிவிடலாம். உள்ளே பெரிய காற்றுக் குமிழி இருந்தாலும் அப்படியே. மலை உயரத்தில் சிறு குமிழி தோன்றி, கீழே வந்ததும் மறைவது சாதாரணம்.

வெளிநாட்டு யூடியூபர் சொல்வதை அப்படியே கேட்கலாமா?

காம்பஸ் வாங்குவது பற்றிய வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ எடுக்கப்பட்டவை. 'டெக்லினேஷன் அட்ஜஸ்ட்மென்ட் இல்லாத காம்பஸை வாங்கவே வாங்காதீர்கள்' என்பார்கள். விலை ஏறுவதும் அந்த வசதியால்தான்.

டெக்லினேஷன் என்றால்? காம்பஸ் ஊசி காட்டுவது பூமியின் உச்சியில் உள்ள வட துருவத்தை அல்ல, காந்தப்புலத்தின் வடக்கை. இரண்டுக்கும் இடையே உள்ள கோண வித்தியாசம்தான் டெக்லினேஷன், இது இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சியாட்டிலில் ஏறத்தாழ 15 டிகிரி. நியூஸிலாந்தில் 20 டிகிரியைத் தாண்டும். அங்கே இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல் ஒரு கிலோமீட்டர் நடந்தால் போக வேண்டிய இடத்திலிருந்து 350 மீட்டர் அளவுக்கு விலகிவிடுவீர்கள். எனவே அவர்களுக்கு அந்த அறிவுரை சரி.

தமிழ்நாட்டில் இந்த வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு டிகிரி பிசகினால் ஒரு கிலோமீட்டருக்கு 17 மீட்டர் போலத்தான் விலகல். கையில் காம்பஸைப் பிடித்துக்கொண்டு கல்லிலும் முள்ளிலும் நடப்பவர் எப்படியும் நான்கைந்து டிகிரி தவறுவார். இமயமலைப் பக்கமும் வித்தியாசம் சிறியதே. ஆகவே இந்தியாவுக்குள் மட்டும் நடக்கப்போகிறவர் அந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. மிச்சப்படும் பணத்தில் வரைபடத்தை நல்ல தாளில் பிரிண்ட் எடுக்கலாம்.

இந்த வித்தியாசம் நிலையானதும் அல்ல. வட காந்த முனை கனடாவிலிருந்து சைபீரியாவை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கேற்ப அமெரிக்க, பிரிட்டிஷ் அறிவியல் அமைப்புகள் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை உலகக் காந்தப்புல மாதிரியைப் புதுப்பிக்கின்றன. கடைசியாக வந்தது 2024 டிசம்பரில். ஃபோனில் உள்ள காம்பஸ் ஆப் உண்மையான வடக்கைக் காட்டுவதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஆனால் வெளிநாட்டு வீடியோக்கள் அதிகம் பேசாத, நமக்கு மட்டும் முக்கியமான ஒன்று இருக்கிறது. காந்தப்புலம் ஊசியைப் பக்கவாட்டில் மட்டும் இழுப்பதில்லை, கீழ்நோக்கியும் இழுக்கும். ஸ்டாக்ஹோமில் இந்தச் சாய்வு 70 டிகிரிக்கும் மேல். டெல்லியில் 40-ஐத் தாண்டும். சென்னையில் சுமார் 10 டிகிரிதான். திருநெல்வேலிப் பக்கம் போனால் கிட்டத்தட்ட பூஜ்ஜியம், காரணம் காந்த நடுக்கோடு அந்த வட்டாரத்தின் வழியாகத்தான் போகிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வகம் வைத்திருப்பது அதனால்தான். 1850-களிலேயே திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த ஜான் ஆலன் ப்ரௌன், காந்தப்புலத்தை அளக்க அகத்தியமலை உச்சிக்குக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு போய் ஓர் ஆய்வுக்கூடமே அமைத்தார்.

இதற்கும் காம்பஸ் வாங்குவதற்கும் என்ன தொடர்பு? வட ஐரோப்பாவில் ஊசியின் வட முனை கீழே இழுபடும் என்பதால் தென் முனையில் கொஞ்சம் எடை சேர்த்துச் சமன் செய்வார்கள். அதே காம்பஸ் தென் தமிழ்நாட்டுக்கு வந்தால், இழுப்பு இல்லாததால் தென் முனை தாழ்ந்து அடியில் உரசும். ஊசி சிக்கிக்கொண்டு பொய் சொல்லும். இதனால்தான் நிறுவனங்கள் மண்டலவாரியாகத் தனித்தனியே சமன் செய்து விற்கின்றன. எங்கும் வேலை செய்யும் 'குளோபல்' ஊசி மாடல்களும் உண்டு, விலை அதிகம். வெளிநாட்டிலிருந்து வரும் நண்பரிடம் சொல்லி வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கையில் மட்டமாகப் பிடித்தால் ஊசி தடையில்லாமல் சுற்றுகிறதா என்பதே போதுமான சோதனை. உரசினால் அது எவ்வளவு பெரிய பிராண்டாக இருந்தாலும் இங்கே உதவாது.

காம்பஸின் முதல் எதிரி

மும்பை கொலாபாவில் இருந்த காந்தப்புல ஆய்வகம் 1904-ல் அலிபாகுக்கு மாற்றப்பட்டது. நகரத்தின் குதிரை ட்ராம்கள் மின்சாரத்துக்கு மாறவிருந்ததுதான் காரணம். அந்த மின்சாரம் அளவீடுகளைக் கெடுத்துவிடும் என்று அஞ்சினார்கள். நுட்பமான கருவிகளுக்கான கவலைதான் அது என்றாலும், சாதாரண காம்பஸும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறக்கூடியதே.

இன்றைக்கு அந்த எதிரி நம் பாக்கெட்டிலேயே இருக்கிறது. ஃபோனின் ஸ்பீக்கரிலும், காந்தத்தில் ஒட்டும் கவர்களிலும் இருக்கும் காந்தம் ஊசியைத் திசைதிருப்பும். அது தற்காலிகம்தான், தள்ளி வைத்தால் சரியாகிவிடும். ஆனால் காம்பஸையும் ஃபோனையும் ஒரே பையில் நாள்கணக்கில் ஒட்டி வைத்தால் ஊசியின் காந்தமே தலைகீழாக மாறக்கூடும். அதாவது சிவப்பு முனை தெற்கைக் காட்டும். கற்பனை இல்லை, ஸ்காட்லாந்தின் மலையேற்ற அமைப்புகள் பலமுறை எச்சரித்த விஷயம் இது. ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் காலையில் சூரியன் இருக்கும் பக்கத்தை வைத்து ஒருமுறை சரிபார்ப்பது பத்து நொடி வேலை.

மண்ணும் சில இடங்களில் குழப்பும். சேலம் கஞ்சமலை, திருவண்ணாமலை கவுத்திமலை போன்ற இடங்களில் பாறையிலேயே காந்த இரும்புத் தாது இருக்கிறது. அங்கே ஊசி தடுமாறினால் காம்பஸைக் குறை சொல்லக் கூடாது. கார், மின்கம்பி, இரும்பு வேலி ஆகியவற்றிலிருந்தும் தள்ளி நின்று பார்ப்பது வழக்கமாக வேண்டும்.

வாங்கியாச்சு, அப்புறம்?

காம்பஸ் தனியாக ஒன்றும் செய்யாது, வரைபடம் வேண்டும். முன்பெல்லாம் நில வரைபடம் கிடைப்பதே பெரும்பாடு. சர்வே ஆஃப் இந்தியா 2017-ல் 1:50,000 அளவிலான வரைபடங்களை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. 2 சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். ஓடை, மேடு, பள்ளம், கிராமம் எல்லாம் இருக்கும். மலையின் வடிவத்தைக் காட்டும் சமஉயரக் கோடுகளைப் படிக்கப் பழகுவதுதான் உண்மையில் கடினமான பகுதி. காம்பஸ் அதைவிடச் சுலபம்.

அடிப்படைப் பயிற்சி மூன்றே அசைவுகள். பட்டையின் ஓரத்தை வரைபடத்தில் நீங்கள் இருக்கும் இடத்தையும் போக வேண்டிய இடத்தையும் தொடும்படி வையுங்கள், பட்டையின் அம்பு போகும் திசையைப் பார்க்கட்டும். பிறகு வட்டத்தைத் திருகி, அதன் அடியில் உள்ள கோடுகளை வரைபடத்தின் வடக்குக் கோடுகளுக்கு இணையாக்குங்கள். இப்போது காம்பஸை எடுத்து நெஞ்சுக்கு நேராக மட்டமாகப் பிடித்து, சிவப்பு ஊசி வட்டத்துக்குள் வரைந்திருக்கும் அம்புக்குள் வந்து உட்காரும் வரை நீங்கள் உடலோடு சேர்ந்து சுற்றுங்கள். பட்டையின் அம்பு காட்டும் பக்கம்தான் போக வேண்டிய திசை. ஊசியையே பார்த்துக்கொண்டு நடக்கக் கூடாது. அந்தத் திசையில் ஒரு மரத்தையோ பாறையையோ குறிவைத்து அதுவரை நடந்து, மறுபடி அடுத்த குறி. புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு, வட்டத்தை 180 டிகிரி தலைகீழாகப் பொருத்திவிட்டு எதிர்த்திசையில் நம்பிக்கையோடு நடப்பது. போக வேண்டியது ஏறத்தாழ கிழக்கா மேற்கா என்று முன்பே மனதில் சொல்லிக்கொண்டால் இது நடக்காது.

இதைப் பழக மலைக்குப் போக வேண்டியதில்லை. பக்கத்து மைதானம் போதும். தரையில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டுவிட்டு, வட்டத்தை 0 டிகிரியில் வைத்து 50 அடி எடுத்து வையுங்கள். பிறகு 120 டிகிரியில் 50 அடி. பிறகு 240 டிகிரியில் 50 அடி. முக்கோணம் முடிந்து நாணயத்தின் மேல் வந்து நிற்க வேண்டும். முதல் தடவை பெரும்பாலும் ஏழெட்டு அடி தள்ளித்தான் நிற்பீர்கள். தள்ளி நிற்கும் தூரம் இரண்டு அடிக்குள் வந்த பிறகு, 50-ஐ 150 ஆக்கிப் பாருங்கள், முடிந்தால் சாயங்காலம் வெளிச்சம் மங்கிய பிறகு.